லாக் வழியாக வந்த சந்தானம் தம்பதி

1998 ஜூனில் ஒரு சனிக்கிழமை சந்தானமும் அவர் மனைவி அனந்தலக்ஷ்மியும் பிரான்ஸில் ஒரு கால்வாய் லாக்குக்குள் படகோடு நுழைந்து, நியூ ஜெர்சியில் வெளியே வந்தார்கள். அந்த வாரம் ஓக் ட்ரீ ரோட்டில் முருங்கைக்காய் விலை ஏறியிருந்தது. எங்கள் எடிசனில் அதுதான் முதல் பேச்சு. இது அடுத்ததாக வந்தது.

லாக் என்பது கால்வாயில் மேட்டுத் தண்ணீருக்கும் பள்ளத் தண்ணீருக்கும் நடுவே கட்டிய கல் தொட்டி. படகு உள்ளே போனதும் பின்கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பி, படகு உயர்ந்ததும் முன்கதவைத் திறந்துவிடுவார்கள். பல் டாக்டர் ஆபீஸ் காலண்டரில் அப்படி ஒரு தொட்டியில் பூந்தொட்டிகள் வைத்த நீள ஒல்லிப் படகு நிற்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து அனந்தலக்ஷ்மிக்கு வேறு நினைப்பில்லை. பத்தாவது கல்யாண நாளுக்குப் போவதென்று முடிவானது. யாரிடமும் சொல்வதில்லை என்றும் முடிவானது. ஏனென்றால் கண்ணு. பிஸ்கட்டவேயில் வீடு பார்த்ததை எல்லோரிடமும் சொன்னார்கள், வீடு கைநழுவியது. சந்தானத்தின் பிரமோஷனைச் சொன்னார்கள், அது பக்கத்து சீட்காரனுக்குப் போனது. எங்கள் எல்லோர் கண்ணும் அவ்வளவு கொள்ளிக்கண் என்று அவர்கள் எண்ணம். எதிர் வீட்டுக் காமாக்ஷியிடம் மட்டும், பாஸ்டனில் ஆபீஸ் விசேஷம் என்று சொல்லி, எட்டு வயது ரக்ஷாவை விட்டுவிட்டுப் போனார்கள்.

சந்தானம் அப்போது கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்தார். அப்படி அப்ளை பண்ணிவிட்டு நாட்டை விட்டுப் போவதானால் முதலில் அட்வான்ஸ் பரோல் என்ற அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் போனால் அப்ளிகேஷன் அவ்வளவுதான். திரும்ப உள்ளே விடுவார்களா என்பதே சந்தேகம். இதை மளிகைக் கடையில் கொத்தமல்லி பொறுக்குகிற யாரும் இலவசமாகச் சொல்லியிருப்பார்கள். கேட்டால்தானே!

வாடகைப் படகில் காலையில் நாலு லாக் அருமையாகப் போயின. சந்தானம் கயிற்றைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தார், அனந்தலக்ஷ்மி தொப்பி போட்டுக்கொண்டு திட்டினாள். ஐந்தாவதில் கதவு பார்க்கும் அம்மாள் சாப்பாட்டு நேரம் என்று சைகை காட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். படகு தொட்டிக்குள் பாதி உயரத்தில் நின்றது. புளியோதரையை முடித்துவிட்டு, அனந்தலக்ஷ்மி கரையேறி, அங்கிருந்த போன் பூத்திலிருந்து மகளோடு பேசக் கூப்பிட்டாள். காமாக்ஷிக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. ஆனாலும் காது தூங்கவில்லை. பூத்துக்கு வெளியே இரண்டு பேர் பிரெஞ்சில் பேசிக்கொண்டு போனார்கள்.

“பின்னாடி யாருடி அது? பாஸ்டன்ல யாரு இப்படிப் பேசறா?”

மறைக்கத் தெரியாமல் அனந்தலக்ஷ்மி உண்மையைச் சொன்னாள்.

“பிரான்ஸா? பரோல் வாங்கினேளோ?”

“பரோலா? நாங்க என்ன ஜெயில்லயா இருக்கோம், மாமி?”

காமாக்ஷி விளக்கினாள். விளக்கத்தில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அழுதாள் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் நடந்திருக்கும். பிறகு ரக்ஷா போனை வாங்கி, “அம்மா, வென் ஆர் யூ கமிங் ஹோம்?” என்றாள்.

அதற்கப்புறம் இருந்த லாக்குகளில் அவர் கயிற்றைத் தப்பாகப் பிடித்ததற்குக்கூட அவள் திட்டவில்லை. சந்தானத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. “வக்கீல்கிட்டப் பேசிப் பார்க்கலாம், லக்ஷ்மி” என்று ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு தடவை சொன்னார். கடைசி லாக்கில் நின்றவளும் ஒரு நடுவயது அம்மாள்தான், கையில் பாதி உரித்த பட்டாணி. எங்கே போகிறீர்கள் என்று அவள் மொழியில் கேட்டிருக்க வேண்டும். அனந்தலக்ஷ்மி முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எடிசன்” என்றாள். அந்த அம்மாள், அடுத்த பஸ் ஸ்டாப்பைக் கேட்ட மாதிரி தலையாட்டி, பின்கதவைச் சாத்தினாள். தண்ணீர் மற்ற லாக்குகளைவிட வெகுநேரம் ஏறியது. சாயங்கால வெயில் உச்சி வெயிலாக மாறியது. முன்கதவு திறந்தபோது எதிரே எங்கள் ஊருக்குக் கொஞ்ச தூரத்தில், பௌண்ட் புரூக் பக்கத்துப் பழைய கால்வாய். தொப்பி போட்ட ஒருவர் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். படகே போகாத கால்வாயில் படகு வந்ததற்காக அவர் தூண்டிலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

சந்தானம் போய் போன் பண்ண, காமாக்ஷி காரில் ரக்ஷாவோடு வந்து சேர்ந்தாள். குழந்தை கரையிலிருந்தே படகுக்குள் குதித்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. சாயங்காலம் வரை விடவில்லை. காமாக்ஷி படகை மேலும் கீழும் பார்த்தாள். கடலை எப்படித் தாண்டியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எங்கிட்டகூட பாஸ்டன்னு சொல்லிட்டியேடி!” என்றாள். நாங்கள் எல்லோரும் அதையேதான் கேட்டோம்.

2000 கடைசியில் இன்டர்வியூ வந்தது. நடுவில் நாட்டை விட்டுப் போனீர்களா என்று அதிகாரி கேட்டார். பொய் சொல்ல வராத சந்தானம், விமானத்தில் போய் லாக் வழியாக வந்தோம் என்றார். “கூட்டமா?” என்றார் அதிகாரி. “எங்க படகு ஒண்ணுதான்.” அவர் எழுதிக்கொண்டார். சில மாதத்தில் மூன்று பேருக்கும் கார்டு வந்தது.

அடுத்த வசந்தத்தில், இந்தத் தடவை எல்லோரிடமும் சொல்லிவிட்டு, படகைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார்கள். இரண்டு வாசல் தள்ளி இருக்கும் நாகமணியும் அவர் மனைவியும் ஏறிக்கொண்டார்கள். காமாக்ஷி வரமாட்டேன் என்று கரையிலேயே நின்றாள். அனந்தலக்ஷ்மி கயிற்றின் நுனியை அவள் கையில் கொடுத்தாள். காமாக்ஷி அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படகில் ஏறினாள். படகு லாக்குக்குள் நுழைந்ததும் பின்கதவு சாத்திக்கொண்டது, தண்ணீர் இறங்கத் தொடங்கியது. “மெதுவா இறக்கச் சொல்லு, எனக்குத் தலை சுத்தும்” என்றாள் காமாக்ஷி.