மற்றப் பிடி

தேயிலை மிசினால் வெட்டிக் காட்டுவதற்குத் திருகோணமலையில் தேயிலைச் செடிக்கு எங்கே போவது? ஹஸ்மி தன் மிசின் கடைக்குப் பக்கத்து வளவின் செவ்வரத்தைச் செடி வேலியைத்தான் வெட்டிக் காட்டினான். ஒரு பிடியை அவன் பிடிக்க, மற்றப் பிடியைச் சோபனாவின் புருசன் சிவரூபன் பிடித்தான். மிசின் உறுமியது, இலை பறந்தது, வேலி மேசைபோல மட்டமாகி நின்றது. சிவரூபனுக்கு வாயெல்லாம் பல். சோபனாவுக்கோ பத்திக்கொண்டு வந்தது. வேலி வெட்டவா கடையைப் பூட்டிவிட்டு வந்தார்கள்?

"இது ரெண்டு பேர் பிடிக்கிறது. எங்கட அக்கா தனிய" என்றாள்.

"அதுதானே, பாவம் மனுசி" என்றான் சிவரூபன். "தனிய இருக்கிற மனுசிக்கு நல்லதாத்தானே வாங்கிக் குடுக்கவேணும்."

கேட்டீர்களா பதிலை! காது இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

சோபனாவின் அக்கா பிரியதர்சினி, இருவரும் பிறந்து வளர்ந்த பதுளை மலைநாட்டில், ஹாலிஎலப் பக்கத்தில் இருக்கிறாள். இரண்டு ஏக்கர் தேயிலை, ஏறினால் மூச்சு வாங்கும் சரிவு. அத்தான் செத்தபிறகு கொழுந்து பறிப்பதும் அவளேதான், செடியை அரையளவுக்கு வெட்டிவிடும் கவ்வாத்தும் அவளேதான். கூலிக்கு ஆள் கூப்பிடலாமென்றால் தோட்டத்து லயவீடுகளில் இருந்த பெடி பெட்டையெல்லாம் கொழும்புக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போய்விட்டார்கள். கத்தி வீசி வீசி அக்காவின் வலது தோள் இப்போது தலை வாரவும் எழும்பாது. மழை விடமுதல் கவ்வாத்து முடிந்தால்தான் செடி தளிர்க்கும். "இந்த வாட்டியும் முடியலன்னா தோட்டத்த குடுத்துட்டு, எங்கயாவது வீட்டு வேலைக்கிப் போயிருவேன்டி" என்று போனில் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல் சோபனாவை நித்திரை கொள்ளவிடவில்லை.

ஹஸ்மி கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்த இரண்டாவது மிசின் ஒரு மூலையில் கிடந்தது. எஞ்சினை முதுகில் மாட்டிக்கொண்டு, வெட்டும் வாளை மட்டும் கையில் பிடிப்பது. சோபனா அதை மாட்டிப் பார்த்தாள். கொழுந்துக் கூடை இருக்கும் அதே இடத்தில் எஞ்சின் இருந்தது, கையில் பாரமில்லை. மாட்டிக்கொண்டே பக்கத்து உவர்மலை ஏற்றத்தில் கொஞ்சத் தூரம் ஏறி இறங்கினாள். ரோட்டில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

"இதுதான்" என்றாள்.

"இது விளையாட்டுச் சாமான் மாதிரியெல்லோ கிடக்கு" என்றான் சிவரூபன்.

"அது பெருசுதான் நல்லம் தங்கச்சி, நம்மட ஆக்கள் எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க" என்று ஹஸ்மியும் ஒத்து ஊதினான். தேயிலைக்கு மிசின் கேட்டு அந்தக் கடைக்கு வந்த முதல் ஆள் அவள். நம்மட ஆக்களாம்!

"இதுதான் வேணும்" என்று இருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லிவிட்டுச் சோபனா கிளம்பினாள். அவளும் சிவரூபனும் நடத்தும் படகு எஞ்சின் திருத்தும் கடையைத் திறக்க வேண்டியிருந்தது. உதிரிப்பாகங்கள் விற்பது அவள் பொறுப்பு. லொறியில் ஏற்றிவிடுவது தன் பொறுப்பு என்றான் சிவரூபன்.

மிசின் போய்ச் சேர்ந்ததும் அக்கா போன் எடுத்தாள்.

"மிசினு வந்துருச்சுடி. பெருசா, நல்லா இருக்கு." பிறகு கேட்டாள், "அந்தப் பக்கத்துப் பிடிய யாருடி புடிக்கிறது?"

சோபனா அந்தப் போனை வைத்த கையோடு ஹஸ்மிக்குப் போன் போட்டாள். முதுகில் மாட்டும் மிசினை உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர் வேலி வெட்டக் கொண்டுபோய்விட்டாராம். அடுத்தது எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாதாம். அங்கே மழை இந்தா விடுகிறேன் என்று நிற்கிறது.

சிவரூபன் கையில் கிரீஸோடு உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"மச்சாளுக்கு நல்லதாக் குடுக்கவேணும் எண்டுதான் மாத்தினனான்" என்றான். "மற்றப் பக்கம் பிடிக்க ஒராளைக் கூப்பிட்டா வராதோ?"

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். படகு எஞ்சினை ஒருநாளும் தனியாகத் தூக்கியதில்லை. வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் பக்கத்து மீன் வாடியிலிருந்து நாலு பேர் ஓடி வருவார்கள். கூப்பிட்டும் ஆள் வராத ஓர் இடம் உலகத்தில் இருக்கும் என்பது அவன் புத்திக்கு எட்டவேயில்லை. ஆனால் எத்தனை தரம் சொன்னாள்! தனிய, தனிய என்று தொண்டை வறளச் சொன்னாளே!

"வராது. அங்க கத்தினா மலைதான் திருப்பிக் கத்தும்."

அவள் அலுமாரியைத் திறந்து அவனுடைய பழைய பயணப் பையை எடுத்தாள். இரண்டு சேட், ஒரு சாரம், குளிருக்குப் போட ஒரு சுவெட்டர். சிவரூபன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"என்ன இது?"

"மற்றப் பிடி நீங்கள்தான் பிடிக்கிறியள். கவ்வாத்து முடியுமட்டும்."

"கடையை ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன். பாரம் தூக்க வேணுமெண்டா எனக்குக் கூப்பிட ஆள் இருக்கு."

அவன் கதிரையில் பொத்தென்று இருந்தான். மிசினை ஒருதரம் தூக்கியவன் அல்லவா, பாரம் தெரியும். அது வேலிக்குப் பக்கத்துச் சம தரையில். சரிவில் எப்படியிருக்கும் என்று இப்போதுதான் யோசித்தான் போல.

"நாள் முழுக்க அதைப் பிடிச்சுக்கொண்டு மலையில ஏறி இறங்கினா என்ர தோள் போயிடுமே, சோபனா."

"ஓம்" என்றாள் அவள், சுவெட்டரை மடித்தபடி. "போயிடும்."

சிவரூபன் கிரீஸ் கையால் வலது தோளைத் தடவினான்.

"பதுளைக்கு முதல் பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டான்.