பின்னறைக்கு ஒரு வாடகைதாரர்

துரைராஜ் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஜொவிட்டா செருப்பைக் கழற்றினாள். பத்திரத்தில் வீடு அவள் பெயரில்தான் இருக்கிறது. கோட்டூர்புரத்தில், ஆற்றை ஒட்டிய தெருவில், தரைத்தளம். அதை அவனுக்குப் போக்கியத்துக்கு விட்டிருந்தாள். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும் நாளில் வாங்கியதை அப்படியே திருப்பித் தர வேண்டும்.

"வாடகைன்னா மாசாமாசம் கரைஞ்சுடும், போக்கியம்னா முழுசா கைக்கு வரும்" என்று பள்ளியில் உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். வந்ததைப் படப்பைப் பக்கம் இன்னொரு ஃப்ளாட்டுக்கு முன்பணமாகக் கட்டினாள். அந்தக் கட்டடம் பாதியில் நின்று, தூண் கம்பிகள் துருப்பிடிக்கின்றன. பில்டர் போனை எடுப்பதில்லை.

அவள் இருப்பது சாந்தோமில், வாடகைக்கு. அந்த வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். தேடிப் போன இடங்களில், ரிடையரான பெண், தனி ஆள் என்றதுமே முகம் மாறியது.

"வேற வழி தெரியல துரைராஜ். வீட்டைக் குடுத்துடுங்க."

துரைராஜ் கோடம்பாக்கத்தில் லைட்மேன். அன்று ஷூட்டிங் இல்லை. "நான் இன்னா மாட்டேன்னா சொல்றேன் டீச்சர்? பணத்தக் குடுங்க, சாவியப் புடிங்க. மழ வந்தா ஆத்துத் தண்ணி கட்டில் வரைக்கும் வருது. ஆசப்பட்டா இங்க கீறோம்?"

"வேற ஆளுக்குப் போக்கியத்துக்கு விட்டு உங்க பணத்தைத் தரலாம்னு பார்த்தேன். சுவத்துல தண்ணி நின்ன கறையைப் பார்த்துட்டு ஒருத்தரும் திரும்ப வரல."

"சுண்ணாம்பு அடிச்சுக் காமிச்சிருக்கலாம்."

"அடிச்சேன். ஊறி வந்துடுச்சு."

துரைராஜுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"பின்னாடி ரூமையாவது குடுங்க. ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

அவன் மனைவி தேவானை டீயை வைத்துவிட்டு நின்றாள். "அது சரிப்படாது டீச்சர். ஓனர் உள்ள பூந்துட்டா எங்க பணத்துக்கு யாரு ஜவாப்பு? எங்க கையில கீறது இந்தச் சாவி ஒண்ணுதான்."

"ஒண்டிக்கட்ட, ரெண்டு பொட்டி. இன்னாத்த பூந்துடப் போறாங்க" என்றான் துரைராஜ்.

"நீ சும்மா இரு. எங்க அக்கா ஊட்லயும் ஓனரு இப்டித்தான் ஒரு பொட்டியோட வந்து பூந்தாங்க."

அவள் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் ஜொவிட்டாவுக்கு இன்னும் வலித்தது. எழுந்தால் போவதற்கு இடமில்லை. உட்கார்ந்தபடியே பேப்பர் கேட்டாள். காலண்டரில் கிழித்த தாளைத் துரைராஜ் நீட்டினான். வீட்டைப் போக்கியத்தில் வைத்திருப்பவரிடமிருந்து பின்னறையை மட்டும் வாடகைக்கு எடுப்பதாகவும், அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் காலி செய்வதாகவும், கரும்பலகையில் எழுதும் அதே முத்துக் கையெழுத்தில் எழுதினாள். வாடகைதாரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"உங்க ஊட்டுக்கு நான் எப்டி டீச்சர் வாடகைக்கு விடறவன்னு போடறது?"

"போடுங்க."

போட்டான்.

"அட்வான்ஸு?" என்றாள் தேவானை. குரலில் கிண்டல் இல்லை.

"நான் உங்களுக்குத் தர வேண்டியதோட அதையும் சேர்த்துக்கங்க."

தேவானை தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். பிறகு பின்னறைக்குப் போய், அங்கே அடுக்கியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டாள். உள்ளேயிருந்தே சொன்னாள்:

"கட்டில செவுத்தோட ஒட்டிப் போடாதீங்க டீச்சர். இன்னும் ஈரம் கீது."