இரண்டாம் டிகாக்‌ஷன்

எங்கள் மளிகைக் கடையில் கூட்டம் குறைந்ததற்கு என் கணவர் வாஞ்சிநாதன் வாரத்துக்கொரு காரணம் கண்டுபிடித்தார். முதலில், வாசல் தெற்குப் பார்த்திருக்கிறதாம். அதற்காகக் கல்லாப்பெட்டியை மூலைக்கு மூலை நகர்த்தினோம். அப்புறம் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வாசலில் பூசணிக்காய் உடைத்தார். அதில் வழுக்கி விழுந்தவர் எங்களுக்கு மிச்சமிருந்த வாடிக்கைக்காரர்களில் ஒருவர். அவரும் வருவதை நிறுத்திவிட்டார்.

உண்மைக் காரணம் கல்கத்தாவில் எங்கள் காளிகாட் பேட்டை முழுக்கத் தெரியும். அது முப்பத்தொன்றாம் வருஷம். சணல் விலை படுத்துவிட்டது. கிளைவ் தெருக் கம்பெனிகளில் ஆளைக் குறைத்தார்கள், மீந்தவர்களுக்குச் சம்பளத்தை வெட்டினார்கள். எதிர்ச் சாரியில் பாத்திரக் கடையும் தையல் கடையும் மூடியாயிற்று. நம் தமிழ்க் குமாஸ்தாக்கள் பெண்டாட்டி பிள்ளைகளை மெட்ராஸ் மெயிலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு, ஓர் அறைக்கு நாலு பேராக ஒண்டிக்கொண்டார்கள். துவரம்பருப்பும் புளியும் காப்பிக்கொட்டையும் வாங்க அப்புறம் யார் வருவார்கள்?

கடையை மூடிவிட்டு மாயவரத்தில் தன் அண்ணா வீட்டோடு போய்விடலாம் என்றார் என் கணவர். அந்த வீட்டில் அண்ணா பெண்டாட்டி, என் ஓர்ப்படி, வைத்ததுதான் சட்டம். கல்யாணமான புதிதில் அங்கே இருந்த வரையில் எனக்குக் கிடைத்தது இரண்டாம் டிகாக்‌ஷன் காப்பிதான். எல்லாரும் குடித்து முடித்த பிறகு, வெந்நீரில் கொஞ்சம் நிறம். கல்கத்தா வந்த பிறகுதான் நான் காப்பியைக் காப்பியாகக் குடித்தேன். திரும்பிப் போகவே எனக்கு இஷ்டமில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

டிரங்குப் பெட்டியில் சாமான்களை அடுக்கியாயிற்று. கடையில் மிச்சமிருந்த பருப்பையும் புளியையும் பக்கத்து வங்காளிக் கடைக்காரர் வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார். என் கணவர் மூட்டைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் நம்மிடம் வாங்கியவர்களைக் கூப்பிடுங்கள், சமைத்துப் போட்டுவிட்டுப் போவோம் என்று சொல்லிக் கொல்லையில் கோட்டை அடுப்பை மூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை இலை போட்டோம். முருங்கைக்காய் சாம்பார், மிளகு ரசம், பொரித்த அப்பளம். கூப்பிட்டவர்களோடு கூப்பிடாதவர்களும் வந்தார்கள். சணல் கம்பெனியில் வேலை பார்க்கும் லக்ஷ்மிநாராயணன் மூன்றாம் முறை ரசம் கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. மிளகு தூக்கலாகிவிட்டதோ என்று பயந்தேன். அவர் மனைவி ஜலஜா ஊருக்குப் போனதிலிருந்து மூன்று வேளையும் பொரியும் வாழைப்பழமும்தானாம். மலிவு ஹோட்டல்களில் மீன் வாசனை, உள்ளே நுழைய முடியவில்லையாம்.

“அப்போ நம்ம கடைல பருப்பு வாங்கிண்டு போயிருக்கலாமே?” என்று என் கணவர் மனத்தாங்கலோடு கேட்டார்.

“வாங்கிண்டு போய் என்ன பண்றது ஓய்? ஒரு தடவை வேக வெச்சேன். பாத்திரம்தான் வெந்தது.”

பந்தி முழுக்கச் சிரித்தது. சிரித்த ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு பாத்திரம் இருந்திருக்க வேண்டும். கை கழுவிவிட்டு வந்த லக்ஷ்மிநாராயணன் என்னிடம் கேட்டார்:

“மாமி, நாளைக்கு ஆபீஸ் போறதுக்கு முன்னாடி இலை போட்டுடுவேளா?”

நாளைக்குக் கடையே கிடையாது என்றார் என் கணவர்.

“கடையை யார் கேட்டா? சாப்பாட்டைன்னா கேக்கறேன்.”

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இவர்கள் வராமல் போனது சம்பளம் குறைந்ததால் மட்டுமில்லை. எங்கள் கடையைக் காலி செய்தது ஊருக்குப் போன மாமிகள். அவர்கள் விட்டுப்போன பசி இங்கேயே, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

“எட்டு மணிக்கு வந்துடுங்கோ,” என்றேன். என் கணவர் வாயைத் திறக்குமுன், “ஏன்னா, நாளைக்கு முருங்கைக்காய் வேண்டாம், பூசணிக்காய் வாங்கிண்டு வாங்கோ. உடைக்காம,” என்றும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் இரண்டு பந்தி ஓடியது. மாதச் சாப்பாட்டுக்கு அங்கேயே ஆள் சேர்ந்தாயிற்று. கல்லாவை மூலை மாற்றியதன் பலன் இப்போதுதான் தெரிகிறது என்றார் என் கணவர். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் இலை எடுக்கப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த பில்டரை வெளியே எடுத்தேன். புதிதாக வறுத்து அரைத்த பொடியைப் போட்டு வெந்நீர் விட்டேன். முதல் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதை எனக்கு ஊற்றிக்கொண்டேன்.