சத்தமாக வாசிக்கவும்

கம்பவுண்டர் வகுப்புக்கு வராத மூன்றாம் நாள் காலை, அவருடைய மனைவி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மணி ஆறுகூட ஆகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையைத் திறக்கச் சாவியோடு ஏறிவந்த டீச்சர், காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"அவரப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க டீச்சர். பாலத்துகிட்ட சோதனை பண்றாங்கல்ல, அங்க. மருந்துக் கடையில வேலைய முடிச்சிட்டு வந்துட்டிருந்தாரு. பையில சாப்பாட்டு டப்பாவும் நோட்டும்தான் இருந்துச்சு. டப்பாவத் திருப்பிக் குடுத்துட்டாங்க. நோட்டக் குடுக்கல."

"எந்த நோட்டு?"

"உங்க நோட்டுதான்."

உங்க நோட்டு என்று அவள் குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டில் அதற்கு அதுதான் பெயர். ஆனால் டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல் அவளைத் தாண்டி மேலே ஏறினாள். பூட்டில் சாவி நுழைய மறுத்தது. நான்காவது தடவைதான் திறந்தது.

இந்த வருஷத்து வகுப்பு தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் இங்கிலீஷ் படிக்க வரும் பன்னிரண்டு பேர். தையல் கடைக்காரி, லாரி டிரைவர், ஆஸ்பத்திரி ஆயா, கம்பவுண்டர் என்று எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். பாடப் புத்தகத்தில் 'இது என் பேனா, அது உன் குடை' என்று வாசித்தபோது டிரைவர் குறட்டையே விட்டார். அன்றைக்குத்தான் கல்லூரியில் சரித்திரம் படித்த டீச்சருக்கு அந்த யோசனை வந்தது. உலகப் போர் நடந்தபோது தலைவர்கள் ரேடியோவில் ஜனங்களிடம் பேசியதைக் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வீடு பயந்துபோய் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்காக எழுதப்பட்ட பேச்சுகள். வார்த்தைகள் சின்னவை, வாக்கியங்கள் காதில் நிற்பவை. 'சரண்டர்' என்று பலகையில் எழுதிவிட்டு, யார் யாரிடம் எப்போது சரணடைந்தார்கள் என்று அரை மணி நேரம் கதை சொல்வாள். டிரைவர் தூங்குவதை விட்டுவிட்டார். சுருட்டுக்காரர், சக்கர நாற்காலிக்காரர், நெட்டை ஜெனரல் என்று தலைவர்களுக்கெல்லாம் வகுப்பே பெயர் வைத்துவிட்டது. சொந்த வாக்கியம் எழுதச் சொன்னால் தையல் கடைக்காரி, 'என் மாமியாரிடம் நான் ஒருபோதும் சரண்டர் ஆக மாட்டேன்' என்று எழுதி வாசிப்பாள். அறையே சிரிக்கும்.

எதிர்காலத்தைச் சொல்லும் 'வில்', 'ஷல்' பாடத்தின்போது டீச்சர் ஒரு பயிற்சி கொடுத்தாள். உங்கள் ஊரை எதிரி பிடித்துவிட்டான், நீங்கள்தான் தலைவர், ரேடியோவில் பேசுங்கள். மற்றவர்கள் ஐந்து வரி எழுதினார்கள். கம்பவுண்டர் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். எங்கள் கதவு வெறும் மரம்தான், ஆனாலும் திறக்க மாட்டோம். எங்கள் தெருவில் நீங்கள் நடப்பீர்கள், எங்கள் வீட்டுக்குள் நடக்க மாட்டீர்கள். காயம்பட்டு வந்தால் மருந்து தருவோம், வழி கேட்டால் சொல்ல மாட்டோம். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சிவப்புப் பேனாவால் அடியில் எழுதினாள்: 'மிகவும் அருமை. இதை எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக வாசிக்கவும்.'

அது நான்கு மாதத்துக்கு முந்திய கதை. அப்போது பாலத்தில் காவல் இல்லை. முச்சந்திகளில் மணல் மூட்டை இல்லை. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற உத்தரவும் இல்லை.

அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை. வந்த நாலு பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, டீச்சர் அலமாரியில் இருந்த பாடத் தாள்களையெல்லாம் பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். எரித்தால் புகை வரும், அக்கம்பக்கம் பார்க்கும். குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து ஊறவைத்தாள். மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்த அவள் கணவர் மத்தியானம் வந்து பார்த்தபோது, அவள் முழங்கை வரை நனைந்து, தாள்களைப் பிசைந்து கூழாக்கிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் சிவப்பு மை.

விஷயத்தைச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார். "அந்த நோட்டுல உன் பேரு இருக்கா?"

"பேரு இல்ல. சிவப்பு மையில என் கையெழுத்துல ஒரு வரி இருக்கு."

"கையெழுத்துக்கு வாயா இருக்கு? பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தாள். இரண்டு நாள் தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். ஏன் அணைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வகுப்பில் தைரியத்தைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம் என்று நினைக்க நினைக்கக் கூசியது. ஏதோ தானே அந்தப் போரில் நின்று திரும்பியவள்போலக் கையை ஆட்டி ஆட்டிப் பேசியிருக்கிறாள். பயம் என்பது வாய் உலர்வதும், நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போவதும்தான் என்று எந்தப் பேச்சிலும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கமா வந்தான். போன வருஷத்து வகுப்பில் படித்தவன். மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் கமா போடுவான் என்று அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். பரீட்சையில் தேறி அரசாங்க வேலை கிடைத்துவிட்டதென்று இனிப்பு கொண்டுவந்து கொடுத்தவன். எந்த இலாகா என்று அப்போது அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இப்போது உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவை ஒட்டி நின்றான்.

"டீச்சர், புடிச்சிட்டு வர்ற இங்கிலீஷ் காகிதத்தையெல்லாம் நம்ம மொழியில எழுதிக் குடுக்கிறதுதான் என் வேலை. அஞ்சு நாளா ஒரு நோட்டு என் மேசையில இருக்கு." சட்டையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். "சிவப்பு மையைப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. நீங்க டிக் போட்டா வால் நீளமா இருக்கும்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லல. யாருன்னு தெரியலன்னுதான் எழுதியிருக்கேன். ஆனா அவங்களுக்கு அந்தச் சிவப்பு மைதான் வேணும். எழுதினவன் சின்ன ஆளு, சத்தமா வாசின்னு உத்தரவு போட்டவன்தான் பெரிய ஆளுங்கிறாங்க."

"கம்பவுண்டர் என்ன சொல்றாரு?"

"ரெண்டும் நான்தான் எழுதினேங்கிறாரு. ஒரே ஆளு ரெண்டு கையெழுத்துல எழுதுவானான்னு கேக்குறாங்க." வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்தான். "கேக்குற விதம் நல்லாயில்ல டீச்சர்."

உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் சட்டைக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய எதையோ எடுத்து மேசையில் வைத்தான். அவனுடைய பழைய நோட்டு. "இத நீங்களே வெச்சிக்குங்க. இதுலயும் உங்க சிவப்பு மைதான், வீட்டுல வெச்சிருக்கப் பயமாயிருக்கு."

"நான் என்ன பண்ணணுங்கிறீங்க?"

"எனக்குத் தெரியாது. நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க." படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று வெளியே பார்த்துக்கொண்டே போனான்.

கணவரிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அந்தாளே உன் பேரச் சொல்லல. நீயா போய் ஏன் தலையக் குடுக்கணும்?" என்று மட்டும் கேட்டார். கம்பவுண்டர் நல்ல மாணவர்கூட இல்லை. உச்சரிப்பு சுத்த மோசம். 'ஷல்' என்பதைச் 'செல்' என்றுதான் சொல்வார். அதை நினைத்ததும் அழுகை வந்தது. மறுநாள் காலை அவள் புடவை மாற்றிக்கொண்டு நின்றபோது, அவர் ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். கம்பவுண்டரைப் பிடித்து வைத்திருந்த கட்டடத்துக்கு இரண்டு தெரு முன்னால் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. "இதுக்கு மேல என்னால வர முடியலம்மா. நீ தப்பா நினைச்சாலும் சரி," என்றார். அவள் தப்பாக நினைக்கவில்லை. தன்னாலும் முடியவில்லை என்று சொல்லிவிட்டால் மறுபடி ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிடுவோமே என்றுதான் வேகமாக நடந்தாள்.

இரண்டாம் மாடியில் அதிகாரிக்கு ஜலதோஷம். மேசை நிறையக் கசங்கிய கைக்குட்டைகள். மூலையில் இன்னொரு மேசையில் கமா குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். அவள் வந்தது காதில் விழாதவன் மாதிரி இருந்தான்.

"சிவப்பு மையில எழுதினது நான்தான் சார். நான் இங்கிலீஷ் டீச்சர்."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினார். "வாசிங்க."

வாசித்தாள். குரல் எழும்பவில்லை.

"சத்தமா வாசிங்கன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. வழி கேட்டால் சொல்ல மாட்டோம் என்ற இடம் வந்தபோது நிறுத்தி, இருமிவிட்டு முடித்தாள்.

"இதுல எதிரி யாரு?"

"யாருமில்ல சார். கற்பனை. பயிற்சிக்காக எழுதச் சொன்னது."

"எதுக்குப் பயிற்சி?"

அந்த வார்த்தை அந்த அறையில் வேறு மாதிரி ஒலிப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "வாக்கியம் எழுத சார். எதிர்காலத்துக்கு." சொன்ன பிறகு அதுவும் வேறு மாதிரி ஒலித்தது. "இலக்கணத்துல வர்ற எதிர்காலம் சார்."

அதிகாரி 'எதிர்காலம்' என்று காகிதத்தில் எழுதி அடிக்கோடிட்டார். பிறகு மூலையைப் பார்த்து, "ஏம்ப்பா, இந்தம்மா சொல்றது சரியா? இது இலக்கணமா?" என்றார்.

கமா எழுந்து நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. மின்விசிறிக் காற்றில் ஒரு தாள் படபடத்துக்கொண்டே இருந்தது.

"இலக்கணம்தான் சார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாப் பாடப் புத்தகத்துலயும், இருக்கு சார்."

அதிகாரி அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, 'சத்தமாக வாசிக்கவும்' என்ற அதே வரியை மூன்று தடவை எழுதச் சொன்னார். எழுதினாள். தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் தும்மினார். தும்மி முடித்து, வாசலில் நின்றவனிடம், "அந்த மருந்துக் கடைக்காரன அனுப்பிடு," என்றார்.

அத்தோடு முடிந்தது என்று டீச்சர் நினைத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க. இன்னும் முடியல." அவர் புதிதாக ஒரு ஃபைலை எடுத்து, அதன் மேல் அவளுடைய பெயரைக் கேட்டு எழுதினார். "உங்க வகுப்புல மொத்தம் எத்தனை பேரு?"

அவள் வாயைத் திறந்தாள். ஜன்னல் வழியே கீழே பக்கவாட்டுக் கதவு திறப்பது தெரிந்தது. கம்பவுண்டர் வெளியே வந்தார். உள்ளே பெல்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்போல, இடுப்பில் கால்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தார். எதிர் வரிசையில் அவருடைய மனைவி சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தாள், வா வா என்று கையை அசைத்தாள். அவர் தெரு ஓரத்துக்கு வந்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். ஒரு வண்டியும் இல்லை. ஒரு காலைத் தெருவில் வைத்தார், எடுத்துக்கொண்டார். வெயில் விழுந்துகிடந்த வெறும் தெருவின் ஓரத்தில் நின்று, மறுபடியும் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.