மேக்பை சாய்ந்த காலை

காலை ஆறு இருபதுக்கு அடுப்பின் மேலிருந்த கெட்டில் தானாக நகர்ந்தது.

ரோவீனா படகின் படுக்கையிலிருந்தே அதைப் பார்த்தாள். அடுப்பின் விளிம்புக் கம்பியில் இடித்து நின்றது. அடுத்து அலமாரியிலிருந்து ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. எழுந்து நின்றபோது தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கால்வாயில் தண்ணீர் இல்லை. நடுவில் ஓடை மாதிரி கொஞ்சம் கிடந்தது. அதில் இரண்டு வாத்துகள் நீந்த முடியாமல் நடந்துகொண்டிருந்தன. மற்றதெல்லாம் கறுப்புச் சேறு.

ரப்பர் பூட்ஸை மாட்டி, மதகுச் சாவியை எடுத்துக்கொண்டு கீழ் லாக்குக்கு ஓடினாள். இரு முனையிலும் கதவு வைத்து, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகுகளை மேலும் கீழும் கடத்தும் தொட்டி அது. அதன் மேல்மதகு அரை அடி திறந்திருந்தது. யாரோ ஏறி வந்தவர்கள் இறக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த லாக்கின் கீழ்க்கதவு எப்போதுமே ஒழுகும். ராத்திரியெல்லாம் ஒழுகி, மேல் லாக்குக்கும் இதற்கும் இடையே இருந்த தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. மதகை இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

அவள் குடியிருந்த மேக்பை படகு ஐம்பத்தேழு அடி நீளம், ஏழடி அகலம். முழுக்க இரும்பு. அதன் கரைப்பக்கம் தண்ணீருக்கடியில் இருந்த கல்விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மறுபக்கம் சேற்றில் புதைந்திருந்தது.

தண்ணீர் வடிந்ததால் எந்தப் படகும் மூழ்குவதில்லை. அது திரும்பி வரும்போதுதான் மூழ்குகிறது. புதைந்த பக்கத்தைச் சேறு விடாது. தண்ணீர் ஏறும், படகு ஏறாது. முதலில் பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய்த் துளை முங்கும். அடுத்தது குளியலறைத் துளை, அப்புறம் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் சல்லடை. அதுவரை வந்துவிட்டால் கால் மணி நேரம் போதும்.

முப்பது வருடம் பஸ் ஓட்டினாள். விவாகரத்தில் கிடைத்த பங்கை இந்தப் படகில் போட்டு ஆறு வருடமாகிறது. வேறு வீடு கிடையாது. அவளுடைய காப்பீடு மற்றவர் படகுக்குச் சேதம் வந்தால் மட்டும்தான் கொடுக்கும்.

முன்னால் கட்டியிருந்த நெவிலின் படகு சேற்றின் நடுவில் தட்டையாக உட்கார்ந்திருந்தது. அதற்கு ஆபத்தில்லை. அவர் கரைப்பாதையில் மடக்கு நாற்காலியைப் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஜெனரேட்டர் சத்தத்தைப் பற்றி அவள் கத்தியதிலிருந்து, அதாவது ஈஸ்டரிலிருந்து, இருவருக்கும் பேச்சு இல்லை. இன்று அவரே வாயைத் திறந்தார்.

"அங்க கட்டாதேன்னு சொன்னேன். கல்லு இருக்குன்னு சொன்னேன். கேட்டியா? சோலாருக்கு வெயில் வேணும்னே."

"வெயில் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. நல்லா சாஞ்சு படுத்துக் காயறே."

அவள் கரைமுளைகளில் இறுக்கமாக இருந்த கயிறுகளை அவிழ்த்து, தாராளமாக விட்டு மறுபடி கட்டினாள். உள்ளே போய் அடுப்பில் மிச்சமிருந்த கங்குகளை வாளியில் வாரிக் கரையில் கொட்டினாள். கேஸை மூடினாள்.

கால்வாய் அலுவலகத்திலிருந்து கிரெய்க் வந்தபோது அவள் கூரைமேல் இருந்த நிலக்கரி மூட்டைகளைக் கரைப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாள். கிரெய்க் முப்பது வயதுக்காரன். யாரிடமும் குரல் உயர்த்தாதவன். மேல் லாக்கைத் திறந்து மேலேயிருந்து தண்ணீர் விடப்போவதாகச் சொன்னான். மேலே ஆறு படகுகள் காத்து நிற்கின்றன, அதற்கு முன்னால் எல்லாரும் படகைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்றான். நெவில் ஏற்கெனவே நாற்காலியில்தான் இருந்தார். ஆகவே எல்லாரும் என்பது ரோவீனா ஒருத்தி.

அவள் இரண்டு மணி நேரம் கேட்டாள். துளைகளை அடைக்க வேண்டும், பாரத்தை மாற்ற வேண்டும், படகைச் சேற்றிலிருந்து பிடுங்க வேண்டும். அவன் அரை மணி நேரம் தருவதாகச் சொன்னான். தண்ணீர் வரும்போது யாரும் படகில் இருக்கக் கூடாது என்பதில் மட்டும் மாற்றமில்லை. மூழ்கினால் கிரேன் வைத்துத் தூக்கலாம், அதுவரை தங்க அறை ஏற்பாடு செய்யச் சொல்கிறேன் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"ஆள் இருந்தா திறக்க மாட்டேல்ல?"

"மாட்டேன்."

"அப்போ நான் இருக்கேன்."

கிரெய்க் பிறகு போன வருடம் நடந்ததைச் சொன்னான். இதே மாதிரி சாய்ந்த படகு. உள்ளே ஒருவர் இருந்தார். பொருள்களை எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். தண்ணீர் அழுத்தத்தில் கதவு திறக்கவில்லை. அவர் வெளியே வரவே இல்லை. அன்று மதகுச் சாவியைப் பிடித்திருந்தவன் கிரெய்க்.

ரோவீனா கேட்டுக்கொண்டாள். அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. முன்கதவு, பின்கதவு இரண்டையும் அகலத் திறந்து கொக்கியில் மாட்டினாள். தண்ணீர் வரும்போது நான் உள்ளே போகமாட்டேன், வெளியேதான் நிற்பேன் என்றாள். இறங்கமாட்டேன் என்பதை மறுபடி சொல்லவில்லை.

கிரெய்க் வேனுக்குப் போய் அலுவலகத்தோடு பேசினான். போலீஸைக் கூப்பிடச் சொல்வதாகத் திரும்பி வந்து சொன்னான். அவர்கள் நகரத்திலிருந்து வருவதற்குள் நான் முடித்துவிடுவேன் என்றாள்.

ஏணியை மறுபக்கம் தொங்கவிட்டுச் சேற்றில் இறங்கினாள். தொடை வரைக்கும் புதைந்தது. அழுகிய இலையும் டீசலும் கலந்த நாற்றம். இரண்டு கேரட்டுகளைத் துணியில் சுற்றி, புரொப்பல்லர் தண்டுக்கு வைத்திருந்த கிரீஸை அப்பி, துளைகளில் வைத்துச் சுத்தியலால் அடித்தாள். எஞ்சின் சல்லடைதான் பெரியது. அதன்மேல் ரோஸ்ட் செய்யும் தட்டைக் கவிழ்த்து, விளிம்பு முழுக்க கிரீஸ் தடவி, டேப் போட்டு ஒட்டினாள். ஈரத்தில் டேப் பிடிக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினாள்.

அதற்குள் கரையில் கூட்டம் சேர்ந்திருந்தது. மேலே காத்திருந்த படகுகளில் ஒன்று வாடகைப் படகு. அதில் வந்தவர்கள் கல்யாணத்துக்கு முன் கும்மாளமடிக்கக் கிளம்பிய மாப்பிள்ளை ஒருவனும் அவன் நண்பர்கள் ஏழு பேரும். எல்லார் தலையிலும் கேப்டன் தொப்பி. மாப்பிள்ளைக்கு மட்டும் தொப்பிக்குப் பதில் மணப்பெண்ணின் வெள்ளை வலை. கையில் பீர் டின்கள்.

"மேடம், டைட்டானிக் எப்போ கிளம்புது?" என்று ஒருவன் கேட்டான்.

"உன்னை ஏத்தினதும்" என்றாள்.

நெவில் நாற்காலியிலிருந்து சிரித்தார். பையன்களும் சிரித்தார்கள். அவள் ஏணியேறிக் கூரைமேல் உட்கார்ந்து சேற்றை வழித்தாள். அந்தத் தொப்பிகளை முந்தின நாள் சாயங்காலம் பார்த்திருந்தாள். கீழ் லாக்கை ஏறி, அவள் தட்டுகள் அதிரும் வேகத்தில் கடந்து போனார்கள். அவர்களுக்குப் பிறகு அந்த வழியாக வேறு படகு வரவில்லை.

"நேத்து கடைசியா ஏறி வந்தது நீங்கதானே?"

மாப்பிள்ளை வலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவன் பெயர் ஃபின்லே.

"மதகை இறக்கிட்டோம்னுதான் நினைச்சோம்."

"நினைச்சீங்க."

"சாரி மேடம். நெஜமா."

"சாரி மிதக்காது. என்ன வெயிட் இருப்பே?"

"பார்த்து ரொம்ப நாளாச்சு."

"தெரியுது. வா. இந்தப் பக்க விளிம்புல ஏறி நின்னு கூரைக் கம்பியைப் பிடிச்சுக்கோ. உன் ஆளுங்களையும் கூப்பிடு."

கிரெய்க் குறுக்கே வந்தான். யாரும் ஏறக் கூடாது, ஏறினால் வாடகைக் கம்பெனிக்குச் சொல்லவேண்டி வரும் என்றான். ஃபின்லே அவனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சனிக்கிழமை தனக்குக் கல்யாணம் என்றான்.

"நீ நிக்கிறது கரையிலிருந்து ஒரு அடி. வழுக்கினா கால் நனையும். உள்ளே யாரும் போகப்போறதில்ல" என்றாள் ரோவீனா. அதை அவனுக்கு மட்டும் சொல்லவில்லை.

ஃபின்லே வலையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஏறினான். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். எட்டு ஜோடித் தொடை, எட்டுத் தொப்பை, வரிசையாக. படகு இம்மியும் அசையவில்லை.

அவள் எழுந்து நின்றாள். "கிரெய்க், இப்ப திற. ஒரே ஒரு மதகு. பாதி."

"ஆள் இருக்கும்போது திறக்கமாட்டேன், ரோவீனா. அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. இறங்கவும் மனம் வரவில்லை. இவர்கள் நிற்காவிட்டால் படகு எழாது. நின்றால் தண்ணீர் வராது.

அப்போது நெவில் நாற்காலியிலிருந்து எழுந்தார். முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டார். டீக் கோப்பையைப் புல்லில் வைத்தார். இந்தக் கால்வாயில் மதகைத் திறக்கும் கைப்பிடிச் சாவி எல்லாப் படகுக்காரர்களிடமும் உண்டு. தன்னுடையதை இடுப்புப் பெல்ட்டிலிருந்து உருவிக்கொண்டு மேல் லாக்கை நோக்கி நடந்தார்.

"நெவில், வேண்டாம்" என்றான் கிரெய்க்.

"லைசென்ஸ் கட்டியிருக்கேன். லாக்கைத் திறக்கிறேன்" என்றார் நெவில், திரும்பாமல்.

கிரெய்க் பின்னாலேயே ஓடினான். அவர் கையைப் பிடிப்பான் என்று ரோவீனா நினைத்தாள். பிடிக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றான். பற்சக்கரம் கடகடத்தது. லாக்கின் அடியிலிருந்து தண்ணீர் வெள்ளையாகச் சீறி வந்தது.

ஓடை அகலமானது. வாத்துகள் நீந்தத் தொடங்கின. நெவிலின் படகு சத்தமில்லாமல் மேலே வந்தது. மேக்பையின் புதைந்த பக்கத்தில் தண்ணீர் ஏறியது. கேரட்டுகள் இரண்டும் முங்கின. படகு அப்படியே கிடந்தது.

"மூணு சொன்னதும் எல்லாரும் உக்காந்து எழுந்திரிங்க. ஒண்ணா."

முதல் தடவை ஆளுக்கொரு நேரத்தில் உட்கார்ந்தார்கள். அவள் கெட்ட வார்த்தை சொன்னாள். இரண்டாம் தடவை கூரைக் கம்பி அதிர்ந்தது. தண்ணீர் ரோஸ்ட் தட்டின் கீழ்விளிம்பைத் தொட்டது. அவள் கூரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். டேப் ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது. கிரீஸைத் தாண்டி ஒரு நூல் போல உள்ளே போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் அறையில் பம்ப் தானாக ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

"மதகைக் குறைக்கவா?" என்று நெவில் கத்தினார்.

"வேண்டாம். விடு. டேய், நல்லாக் குந்துங்கடா. கல்யாணத்துல ஆடவேண்டியதை இங்க ஆடுங்க."

குந்தினார்கள். எழுந்தார்கள். குந்தினார்கள். யாரோ பாட்டு ஆரம்பித்தான். அதற்குப் பிறகு கால்கள் தாளத்துக்கு விழுந்தன. தண்ணீர் தட்டின் பாதிக்கு வந்தது. நூல் விரலாகியது. பெயர்ந்த மூலையை அவள் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். தோள் வரை நனைந்தது. விட்டுவிடலாம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. இந்த இரும்பை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தூக்கி வைத்துச் சுரண்டித் தார் பூசியது அவள் கைதான்.

அடியில் ஏதோ உறிஞ்சுவது போல் நீளமாகச் சத்தம் கேட்டது. சேறு விட்டது.

படகு மொத்தமாக எழுந்து கரைப்பக்கம் சாய்ந்து திரும்பியது. வரிசையின் கோடியில் நின்றவன் கரைக்கும் படகுக்கும் நடுவே விழுந்தான். அடுத்தவன் படகு நெருங்குமுன் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டான். கெட்டில் தரையில் உருண்டது. பிறகு எல்லாம் மெல்ல ஆடி நேரானது. குமிழிகள் வந்தன. தட்டு தண்ணீருக்கு மேலே, தலைகீழாக, கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பையன்கள் கரைக்குக் குதித்து ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். நெவில் மதகை இறக்கிவிட்டு வந்து ஆறிய டீயை எடுத்துக் குடித்தார். ரோவீனா பின்பக்கம் போய் எஞ்சின் அறையின் மூடியைத் தூக்கினாள். கணுக்கால் அளவு தண்ணீர். பம்ப் அதை வெளியே துப்பிக்கொண்டிருந்தது.

கிரெய்க் கரையில் வந்து நின்றான். நடந்ததை அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும், நெவில் மேலும் அவள் மேலும் நடவடிக்கை வரலாம் என்றான். போலீஸ் வண்டி கிளம்பிவிட்டதாம். அவர்கள் வரும்போது அவள் கரையில் இருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபம்.

அவள் மூடியைக் கீழே வைத்தாள். கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்தாள்.

"இப்ப மிதக்குது, கிரெய்க். இனி எதைச் சொல்லி என்னை இறக்குவே?"