பேசாம போ

“பஸ்ஸு எடுக்கப் போறாங்க. ஏறு கண்ணு.”

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“என்னாத்த கேக்கணும்? துப்பட்டாவ இழுத்துப் போர்த்திக்க. உள்ள ஏசி ரொம்பப் போடுவாங்க.”

“இல்லம்மா... நீ...”

“அட, பேசாம போ ஆக்சி.”

மூன்று வருடங்களுக்கு முன்பு தருமபுரி பேருந்து நிலையத்தில், பெங்களூரு வண்டியின் படிக்கட்டருகே நடந்த பேச்சு அவ்வளவுதான். ரோசம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்தபோது அவளுடைய கீழுதட்டில் காய்ந்திருந்த வெடிப்பு மறுபடியும் திறந்து ரத்தம் துளிர்த்தது. முந்தின நாள் அவள் புருஷன் அல்போன்ஸ் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பால் அடித்த இடம் அது. கேட்ட சட்டையை விட்டுவிட்டு வேறு சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாளாம்.

ஆக்சிலியா கேட்க வந்தது புதிய விஷயம் இல்லை. அந்த மனிதரை விட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அம்மாவைக் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூட நாட்களிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். அப்போது போவதற்கு அவளுக்கே இடம் இல்லை. இப்போது வியட்நாமில் ஒரு கடலோர ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வேலை கிடைத்திருந்தது. இருந்தும் மேற்கொண்டு வாய் திறக்கவில்லை. பேசாமல் போ என்று அம்மாவே சொல்லிவிட்டாளே.

அந்தச் சொல் அவர்கள் வீட்டில் சாதாரணச் சொல் இல்லை. கம்பைநல்லூரைத் தாண்டி, தக்காளிக் காட்டுக்கு நடுவில் இருந்த வீடு. அப்பாவின் வண்டி மண்பாதையில் திரும்பும் சத்தம் கேட்டதும் அம்மா அவளை ராகி மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, “பேசாம இரு” என்பாள். அப்புறம் கூடத்திலிருந்து சத்தம் வரும். பெல்ட்டுக்கு ஒரு சத்தம், குண்டானுக்கு ஒரு சத்தம், தலை சுவரில் மோதினால் வேறொரு சத்தம். எது எது என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும். ஆறு வயதில் ஒருமுறை தாங்க முடியாமல் “அப்பா!” என்று கத்திவிட்டாள். அல்போன்ஸ் உள்ளே வந்து அவளை ஒன்றும் செய்யவில்லை. “புள்ளையக் கத்த வுட்டு ஊரக் கூட்டுறியா?” என்று அம்மாவைத்தான் மறுபடியும் முதலிலிருந்து அடித்தார்.

அன்றோடு ஆக்சிலியாவின் குரல் உள்ளே போய்விட்டது. அமைதியான பிள்ளை என்று ஊரில் பெயர் வாங்கினாள். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர்கள் அவளை மற்றப் பிள்ளைகளுக்கு உதாரணமாகக் காட்டினார்கள்.

அந்த அமைதியோடுதான் அயல்நாட்டு வகுப்பறைக்குப் போனாள். அங்கே இங்கிலீஷ் டீச்சர் என்றால் குதிக்க வேண்டும், பாட வேண்டும், பிள்ளைகளோடு சேர்ந்து கூச்சல் போட வேண்டும். பக்கத்து அறைகள் சந்தை மாதிரி இரைய, அவளுடைய அறை மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. இன்னும் கொஞ்சம் உற்சாகம் வேண்டும் என்று மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். அவளால் முடியவில்லை. ஒரு கேள்வி கேட்பாள், பதில் வரும்வரை காத்திருப்பாள். எங்குமே வாய் திறக்காத கடைசி வரிசைப் பிள்ளைகள், வேறு வழியில்லாமலோ என்னவோ, அவளிடம் பேச ஆரம்பித்தார்கள். அதனால் வேலை தப்பியது. யாராவது மேசையை ஓங்கித் தட்டினால் மட்டும் அவளுடைய தோள் காதுவரை ஏறி இறங்கும்.

ஒரு நாள் பாடத்தில் ‘ஜஸ்ட்’ என்ற சொல் வந்தது. ‘ஜஸ்ட் கோ’ என்று பலகையில் எழுதி, யோசிக்காதே, கவலைப்படாதே, கிளம்பு என்று கையால் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. ஊரில் இதற்கு என்ன சொல்வார்கள்? பேசாம ஒரு ஆட்டோ புடிச்சுக்க. பேசாம ரெண்டு இட்லி வாங்கித் துன்னுட்டுப் படு. பேசாம போ.

வாயை மூடு என்று அம்மா சொல்லவே இல்லை. கவலைப்படாமல் போய் வா என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஊரில் எல்லோருக்கும் விளங்குகிற சொல், மூட்டைக்குப் பின்னால் வளர்ந்தவளுக்கு மட்டும் வேறாகக் கேட்டிருக்கிறது. கண்ணைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று திரும்பி நின்று, துடைத்த பலகையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே போன் செய்தாள். வழக்கம்போல அல்போன்ஸ்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். “என்னா டீச்சரம்மா, சோறு துன்னியா?” அம்மாவின் குரல் எங்கோ தள்ளியிருந்து வந்தது. அம்மாவுக்கென்று ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தாள். அது இப்போது கிணற்றுக்குள் கிடந்தது. இதையெல்லாம் போனில் கேட்க முடியாது. பங்குக் கோயிலிலிருந்து புனித பூமிக்கு யாத்திரை ஏற்பாடு செய்தபோது எடுத்த பாஸ்போர்ட் அம்மாவிடம் இருந்தது. யாத்திரைக்கு மட்டும் அல்போன்ஸ் விடவில்லை. நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று, அந்த நாட்டுப் புத்தாண்டு விடுமுறைக்கு ஆக்சிலியா ஊருக்குக் கிளம்பினாள்.

அல்போன்ஸ் மெயின் ரோடுவரை வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். “எளைச்சுப் போயிட்டியே சாமி” என்று நிஜமாகவே கண் கலங்கினார். வீட்டுக்கு வந்ததும் ஒரு சேவலைப் பிடித்து, விமானத்தில் என்ன சாப்பிடக் கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே அதன் கழுத்தைத் திருகினார். அது அவர் கையில் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டிருந்து ஓய்ந்தது.

அதை வாங்க நீண்ட அம்மாவின் இடது மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்தது.

“கையி என்னாச்சும்மா?”

“மாடு இடிச்சுருச்சு.”

“மாட்டத்தான் வித்தாச்சுன்னு சொன்னியே.”

“விக்கறதுக்கு முன்னால இடிச்சுது.” ரோசம்மா சிரித்தாள். “வந்ததும் வராததுமா வக்கீலாட்டம் கேக்கறா பாரு. போடி, வெங்காயத்த உரி.”

அடுப்படியில் வைத்துக் கேட்டிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடத்தில் அப்பா செருமினார். வந்தது திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் மதியம் பச்சியப்பன் வந்தார். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். அல்போன்ஸ் காட்டுத் தக்காளி முழுக்க அவருக்குத்தான் போகும்.

“இதானுங்களா நம்ம வெளிநாட்டு டீச்சரு?”

“ஆமாங்க. அந்த நாட்டுப் புள்ளைங்களுக்கு இங்கிலீசே எம் பொண்ணு வாயிலருந்துதான் போவுது” என்றார் அல்போன்ஸ். “ஆக்சி, மாமாவுக்கு நாலு வார்த்த இங்கிலீசுல பேசிக் காட்டு.”

ஆக்சிலியா சிரித்தபடி நின்றாள்.

“பேசு சாமி. நம்ம மாமாதான்.”

உதடு பிரியவில்லை.

பச்சியப்பன் தொடையில் தட்டிச் சிரித்தார். “என்னாங்க அல்போன்சு, அங்க போயி சைகையிலதான் பாடம் நடத்துதா பொண்ணு?”

காபி டம்ளரை அவரிடம் நீட்டிக்கொண்டே ரோசம்மாவும் சிரித்தாள். “அது எப்பவும் அப்படித்தானுங்கண்ணா. பேசாம வுடுங்க, புள்ள போயி சாப்புடட்டும்.”

அவள் கேட்டது பிள்ளையை விட்டுவிடச் சொல்லி. கேட்டதும் பச்சியப்பனிடம். அல்போன்ஸ் காதில் விழுந்ததோ ‘பேசாம’ மட்டும்தான். வந்தவர் முன்னால் பெண்டாட்டி தன்னை வாயை மூடச் சொல்லிவிட்டாள். அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. பச்சியப்பனை வண்டிவரை கொண்டுபோய் விட்டார். வண்டி கண்ணுக்கு மறையும்வரை நின்றார். திரும்பி வந்து கம்பி கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டார்.

“யாரடி பேசாம இருக்கச் சொன்ன?”

“ஐயோ, நா அப்படிச் சொல்லலீங்க. வுட்டுடுங்கன்னுதான்...”

முதல் அடியில் ரோசம்மா கையிலிருந்த எச்சில் டம்ளர் சுவரில் பட்டு நசுங்கியது. இரண்டாவது அடியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் கிடந்த சொட்டுநீர்க் குழாய்த் துண்டை அவர் எடுத்தார். கறுப்புக் குழாய். அது காற்றைக் கிழிக்கும் சத்தம் ஆக்சிலியாவுக்குப் புதிது. முதுகில் விழுந்தது, தோளில் விழுந்தது. தடுக்க உயர்ந்த கோணல் மணிக்கட்டைப் பார்த்து, அங்கேயே குறிவைத்து விழுந்தது. ரோசம்மா சத்தம் போடவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். பிள்ளை வீட்டில் இருக்கிறாளே.

ஆக்சிலியா நடுவில் போய் விழுந்தாள். குழாய் அவள் காதோடு சேர்த்துக் கழுத்தில் இறங்கியது. உலகம் ஒரு பக்கம் செவிடானது.

“நீ நகுரு ஆக்சி. உன்ன நா தொட மாட்டேன்” என்று மூச்சிரைத்தார் அல்போன்ஸ். அவளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, மறுகையால் ரோசம்மாவின் கொண்டையைப் பிடித்துத் தூக்கி, நிலைக்கதவின் மூலையில் நெற்றியை மோதினார். புருவம் பிளந்தது. மறுபடியும் மோதுவதற்காகத் தலையைப் பின்னால் இழுத்தார்.

தக்காளிச் செடிக்கு ஊன்றும் குச்சிகள் சுவரோரம் கட்டாகச் சாய்ந்திருந்தன. கையளவு கனமுள்ள தைலமரக் குச்சிகள். அதில் ஒன்று எப்படித் தன் கைக்கு வந்தது என்று ஆக்சிலியாவுக்குத் தெரியாது. கொண்டையைப் பிடித்திருந்த முன்னங்கையில் அடித்தாள். உள்ளே ஏதோ உடைந்தது. அவர் பிடி விட்டது. முழங்காலில் அடித்தாள். அவர் சரிந்தார். மூன்றாவது அடிக்குக் குச்சி அவள் தலைக்கு மேலே போனது. இந்த முறை அது இறங்க வேண்டிய இடம் அவருடைய உச்சி.

அல்போன்ஸ் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. அதைப் பார்க்க ஆக்சிலியாவுக்கு நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததுதான் அவளை நிறுத்தியது. தன் தோளிலிருந்து உயர்ந்து நிற்பது யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. குச்சியைக் கேட்டுக்கு வெளியே வீசினாள்.

அல்போன்ஸ் ஊர்ந்துபோய், கவிழ்த்து வைத்திருந்த தக்காளி கிரேட் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, வெயிலில் காட்டிலிருந்து வந்தவர் கேட்பதுபோலக் கேட்டார்.

“ரோசா. தண்ணி கொண்டா.”

ரோசம்மா எழுந்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். புருவத்து ரத்தம் கண்ணுக்குள் இறங்குவதைத் துடைக்கக்கூட இல்லை. தொட்டியில் சொம்பை முக்கி எடுத்தாள். அடிப்பக்கத்து ஈரம் சொட்டாமல் இருக்கத் தலைப்பால் துடைத்தாள். கொண்டுபோய்க் கொடுப்பதற்காக நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் பிறகு அவள் நடந்த நடை அது. கால்கள் யோசிக்கவே இல்லை.

ஆக்சிலியா பார்த்துக்கொண்டிருந்தாள். கை எலும்பு கூடிவிடும். தன் விடுமுறையும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கேட் கொக்கி விழும்போது இந்த வாசலில் தான் இருக்கப் போவதில்லை. ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. அடிக்கு இல்லை. அம்மா மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? கேட்காத வரைக்கும் அந்தக் கேள்வி பத்திரமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் தூங்கி எழுந்திருக்கிறாள்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நின்றாள். சொம்பு அவள் வயிற்றில் இடித்துத் தண்ணீர் தளும்பியது. ரோசம்மா ஒற்றைக் கண்ணால் நிமிர்ந்து பார்த்தாள்.

“நகுரு கண்ணு. தாகமா இருக்கும் அவருக்கு.”

ஆக்சிலியா நகரவில்லை. குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. ரோட்டில் போய்க்கொண்டிருந்த டிராக்டர் ஒன்று வேகம் குறைத்தது.

“நீ எங்கூட வந்துடும்மா.”