மறுபடி தொடங்கும் தேதி

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் என் வீட்டுக்குத் தமிழ்ப் பேப்பர் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் வாசகர் சேவைப் பிரிவுக்குப் போன் போட்டுக் கொஞ்சம் உரக்கவே பேசினேன். எதிர்முனையில் இருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சந்தா உங்க பேர்ல இருக்கா சார், வீட்டம்மா பேர்லயா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் படிக்கிற பேப்பர். அடுப்படியில் இருந்த மனைவியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள், பதில் மட்டும் சொல்லவில்லை.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இப்படி மாட்டிக்கொண்ட எழுத்தாளன் செய்யக்கூடியது ஒன்றுதான். தன் அவமானத்தை இன்னொருவர் தலையில் கட்டிவிடுவது. அப்படித்தான் சுந்தரேசன் பிறந்தார், பிறக்கும்போதே அறுபத்து நான்கு வயதோடு.

2.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஜூரோங் வெஸ்ட்டில் ஒன்பதாவது மாடியில் பொழுது விடிந்தபோது, சுந்தரேசனின் வாசலில் பேப்பர் இல்லாதது ஒரு—

(ஒரு என்ன? அரை மணி நேரம் யோசித்தேன். வரவில்லை.)

மனைவி போன மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்குப் பேப்பரும்—

(சாவு வீடு மாதிரி இருக்கிறது. யாரும் சாகவில்லை. அவர் மனைவி சந்திரமதி எல்லை தாண்டி ஈப்போவில் அக்கா வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள்.)

சுந்தரேசன் வாசகர் சேவைக்குப் போன் செய்தார்.

இதுவே இருக்கட்டும்.

3.

சுந்தரேசன் வாசகர் சேவைக்குப் போன் செய்தார். கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆகவே எந்தப் புகாரையும் தேதி, நேரத்தோடு சொல்லத் தெரிந்தவர்.*

"செவ்வாய், புதன், வியாழன். மூணு நாளா பேப்பர் வரலம்மா. பக்கத்து வீட்டு ரவூப்புக்கு மட்டும் அவரோட மலாய் பேப்பர் டாண்ணு வருது."

"சாரி சார். அட்ரஸ் சொல்லுங்க, செக் பண்றேன்." விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அவள் பெயர் கண்மணி. போனை எடுத்ததுமே சொல்லியிருந்தாள். "சார், உங்க பேப்பருக்கு ஹோல்டு போட்டிருக்காங்க."

"யாரு போட்டா?"

"சந்தாதாரர்."

"நான்தாம்மா சந்தாதாரர்."

"இல்ல சார்," என்றாள் கண்மணி. கூடிய மட்டும் மெதுவாகத்தான் சொன்னாள்.

வெளியூர் போகிறவர்கள் வாசலில் பேப்பர் குவியாமல் இருக்க, கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைக்கச் சொல்லும் ஏற்பாடுதான் இந்த ஹோல்டு. சந்திரமதி போன திங்கட்கிழமை ஒரு கைப்பையோடு கிளம்பினாள். "அக்கா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேங்க" என்றாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் கேட்டார். "பாக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

இரண்டாவது தடவை போன் செய்தபோது அவர் கோபமாக இருந்தார்.

"வீட்டுல ஆள் இருக்கேம்மா. நான் என்ன பொம்மையா? ஹோல்டை எடுத்துவிடு."

"அவங்க சொன்னாத்தான் எடுக்க முடியும் சார்."

"ஒரேயடியா நிறுத்தச் சொல்லிட்டாளா?"

"சேச்சே, கேன்சல் இல்ல சார், ஹோல்டுதான். எந்தத் தேதியிலிருந்து திரும்பப் போடணும்னு கொடுக்காட்டி சிஸ்டம் ஏத்துக்காது லா." சொன்ன பிறகுதான் கண்மணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சுந்தரேசன் போனை வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். தேதி இருக்கிறது. தனக்குப் "பாக்கலாம்" என்று எழுதியவள், முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் நாள், மாதம், வருடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அது அடுத்த வாரமாக இருக்கலாம். அடுத்த வருடமாகவும் இருக்கலாம். முப்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு மனைவியை நினைத்துப் பயமாக இருந்தது.

*பெர்த்தில் அவருக்கு ஒரு மகன் இருக்கிறான். கதைக்குள் வரமாட்டான். வந்தால் எல்லாருக்கும் அறிவுரை சொல்வான்.

4.

மூன்றாவது அழைப்பில் அவர் பேப்பர் வேண்டும் என்று கேட்கவே இல்லை. சுற்றி வளைத்தார்.

"நிறுத்தி வச்ச பேப்பரெல்லாம் எங்கம்மா போகும்? எங்கயாச்சும் அடுக்கி வப்பீங்களா?"

"இல்ல சார். அத்தன காப்பி கம்மியா அடிப்போம், அவ்வளவுதான்."

"அப்ப எங்க வீட்டுப் பேப்பர் அச்சாகவே இல்ல."

"ஆமா சார்."

இந்த இடத்தில் கதை கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. அச்சாகாத அந்தப் பேப்பரை நானும் சுந்தரேசனும் சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்தோம். ஊர் முழுக்கச் செவ்வாய்க்கிழமை நடந்திருக்கிறது. அந்த அடுக்குமாடி புளோக்கில் ஒன்பதாவது மாடியில் மட்டும் நடக்கவில்லை. அங்கே ஈரத் தாழ்வாரம், ரவூப் வீட்டுக் கூண்டில் ஒரு புறா, தூரத்தில் பட்டறைகளின் பாரந்தூக்கிகள் வெள்ளை வானத்தில் அசையாமல் நிற்பது. நாளே இல்லாத ஒரு நாள். அதற்குள் அவர் காப்பி கலக்கிக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"அந்தத் தேதிய மட்டும் சொல்லும்மா," என்றார் கடைசியில்.

"சொல்லக்கூடாது அங்கிள். மத்தவங்க விவரத்த வெளிய சொல்லக்கூடாதுன்னு சட்டம் இருக்கு." சார் எப்போது அங்கிள் ஆனார் என்று நானும் கவனிக்கவில்லை. "நேரா அவங்களையே கேக்கலாமே?"

"கேட்டேன். எனக்குப் பாக்கலாம். உனக்குத் தேதி."



5.

(இந்தப் பகுதியில் கண்மணி மனம் இரங்கித் தேதியைச் சொல்லிவிடுவதாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் தேதியை எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. என்ன தேதி? எனக்கே தெரியாது. கண்மணியைக் கேட்டேன். அவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவன் நான், தலையில் ஹெட்செட்டை மாட்டிவிட்டவன் நான். அவள் அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க எழுதினா நான் சொல்லித்தான் ஆகணும், தெரியும் சார். ஆனா அவங்க எங்கிட்டதான் சொன்னாங்க. அவர்கிட்ட சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல" என்றாள்.

ஒன்றரைப் பக்கத்தையும் அழித்துவிட்டேன்.)

6.

காலைப் பேப்பருக்குப் பழகிய கை சும்மா இருக்காது. வெள்ளிக்கிழமை சுந்தரேசன் பேப்பர் வாங்க ஃபேரர் பார்க்குக்குக் கிளம்பினார். வீட்டுக்குப் பக்கத்துப் பூன் லே நிலையத்து வாசலிலேயே கிடைத்திருக்கும். ஆனால் வீட்டைவிட்டு எங்காவது தூரமாகப் போக அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

ரயிலில் இடம் கிடைத்தது. ஜன்னல் வெயில் இதமாக முழங்காலில் விழுந்தது. கண்ணை மூடினாரா இல்லையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பெட்டியில் எல்லா ஆண்களும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காலத்தில் ரயிலில் யார் பேப்பர் படிக்கிறார்கள்? ஆனாலும் படித்தார்கள். முகம் ஒன்றும் தெரியவில்லை, விரித்த பேப்பரும் இரண்டு பக்கமும் விரல்களும்தான். ஒவ்வொரு பேப்பருக்கு முன்னாலும் ஒரு பெண் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அதில் ஒருத்தி மூக்குக்கண்ணாடி ஒன்றை நீட்டினாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது. அந்தக் கையில் தன்னுடைய கடிகாரம் இருப்பதைச் சுந்தரேசன் பார்த்தார்.

அவுட்ரம் பார்க்கில் ரயில் மாற வேண்டியவர் பூகிஸ் வரை போய்விட்டார். வேறு ரயில் பிடிக்காமல் அங்கிருந்து நடந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சிராங்கூன் சாலையில் கடைகளை ஒட்டி நடந்து, மல்லிகைச் சரமும் ஈரச் சாக்கும் கலந்த வாசனையில் ஒரு கடை முன்னால் போய் நின்றார். பேப்பரைக் கையில் எடுத்தார். அப்போதுதான் அந்த மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு காலை. சந்திரமதி சேலை கட்டி, பை மாட்டி, பேப்பருக்கு முன்னால் வந்து நின்றாள். "இன்னையோட என் வேலை முடியுதுங்க." பாலர் பள்ளியில் முப்பத்தொரு வருட வேலை. அவர் சொன்னார்: "ம். அந்தக் கண்ணாடிய எடு." அவள் எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் ஒரு கேக் கொண்டுவந்தாள். மேலே கிரீமில் ஏதோ எழுதியிருந்தது. அவர் இரண்டு துண்டு சாப்பிட்டு, "சீனி ஜாஸ்தி" என்றார். டெண்டர் அறிவிப்பின் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற மனிதர், அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

(இவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. உடனே அடங்கியும் போகிறது. என் மனைவி எந்த வருடம் வேலையை விட்டாள் என்று யாரும் இப்போது என்னைக் கேட்காதீர்கள்.)

"வேணாமா அண்ணே?" என்றார் கடைக்காரர்.

"வேணாம்," என்று சுந்தரேசன் பேப்பரைத் திரும்ப வைத்தார். அவர் வெட்கப்பட்டார், நன்றாகவே வெட்கப்பட்டார்.

7.

முடிவுகள் கையிருப்பில் மூன்று இருந்தன.

அ. அந்தத் தேதி நாளைதான். காலையில் கதவைத் திறக்கிறார். தாழ்வாரத்தில் பேப்பர் கிடக்கிறது, பக்கத்தில் சந்திரமதி பையோடு நிற்கிறாள். (தொலைக்காட்சித் தொடரின் கடைசி நாள் போல இருக்கிறது. ரவூப் வீட்டார் கைதட்டுவதுதான் பாக்கி.)

ஆ. அந்தத் தேதி அடுத்த வருடம். அவர் சமைக்கக் கற்றுக்கொள்கிறார், மனிதராக மாறுகிறார், பிறகு— (மனிதர்கள் கதையில் மாறும் வேகம் எனக்கு எப்போதுமே சந்தேகம்.)

இ. அந்தத் தேதி வருகிறது. பேப்பர் வருகிறது. அவள் வரவில்லை.

இந்த மூன்றாவதை எழுதிவிட்டு நான் எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டேன். அவருக்கும் இதே எண்ணம் வந்திருக்க வேண்டும். அதனால்தான் நான்காவது தடவை போன் செய்தார்.

"கண்மணியாம்மா? தேதி கேக்கல. ஒண்ணு சொல்லிட்டு வச்சுடுறேன்." ஆனால் வைக்கவில்லை. கண்ணாடியைச் சொன்னார், கேக்கைச் சொன்னார். வாசகர் சேவைக்கு வரும் அழைப்புகளில் இப்படி ஒன்று எந்த வகையில் சேரும் என்று கண்மணிக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் வேணா ஒண்ணு செய்றேன் அங்கிள்," என்றாள் கடைசியில். "அவங்களுக்குப் போன் பண்ணி, தேதிய உங்ககிட்ட சொல்லலாமான்னு கேக்கறேன். அவங்க சரின்னா சொல்லிடலாம். வேணாம்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"வேணாம்னா?"

"வேணாம்னா வேணாம்தான் அங்கிள்."

தெரியாமல் இருப்பதில் ஒரு வசதி உண்டு. அடுத்த வாரம் என்று நம்பிக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம்.

"கேளும்மா," என்றார்.

8.

இதுவரை சுந்தரேசன் கூடவே இருந்தேன். இங்கே அவரைச் சோபாவில், கையில் போனோடு விட்டுவிட்டு வருகிறேன். அவர் கவனிக்க மாட்டார்.

ஈப்போவில் மத்தியானம். சந்திரமதி மாடிக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். சிங்கப்பூர் எண்ணைப் பார்த்ததும் கொடிக் கம்பத்தில் சாய்ந்து நின்று போனை எடுத்தாள். கண்மணி விஷயத்தைச் சொன்னாள்.

"எத்தன தடவ பண்ணாரு?"

"நாலு தடவ மேடம்."

"பேப்பர் இல்லாம கை கால் ஓடியிருக்காது."

கண்மணி யோசித்தாள். அவளுக்கு யார் பக்கமும் பேச விருப்பமில்லை. நடந்ததைச் சொல்லலாம்.

"மொத ரெண்டு தடவ பேப்பருக்குத்தான் மேடம். அப்புறம் பேப்பர் வேணும்னு கேக்கவே இல்ல."

"பின்ன என்ன கேட்டாரு?"

"நீங்க எப்ப வருவீங்கன்னு. வேற சிலதும் சொன்னாரு. அத அவரே உங்ககிட்ட சொன்னாத்தான் சரி."

வெள்ளைத் துணிகள் காற்றில் மெல்ல உப்பி, மெல்ல அடங்கின. மலைப்பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு துணியைக் கையால் நீவி மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"ஏம்மா, நான் கொடுத்த தேதிய மாத்த முடியுமா?"

"முடியும் மேடம்."

"மாத்தணும்."

"மாத்திடலாம். முன்னால கொண்டுவரணுமா மேடம், பின்னால தள்ளணுமா?"

சந்திரமதி வாயைத் திறக்கிறாள்.

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். நான் எழுதினால் 'முன்னால' என்றுதான் எழுதுவேன். ஜூரோங் வெஸ்ட்டில் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற அந்த மனிதருக்காக எழுதுவேன், எனக்காகவும் எழுதுவேன். அவள் பேச வரும்போதெல்லாம் ஓர் ஆண் நடுவில் புகுந்தது இந்தக் கதையில் போதும். அவள் சொல்வதை நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.